மச்சு வரைக்கும்தான் சுவர்

மரநாய் வந்த செய்தியை முதலில் சொன்னது என் மூக்குதான். ஒரு சாயங்காலம் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன், தலைக்கு மேலேயிருந்து பிரியாணி வாசம் இறங்கி வருகிறது. ரம்பை இலை போட்டுத் தம் வைத்த நல்ல பிரியாணி. எனக்குப் பசி வரவில்லை, அழுகைதான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் விருந்து நடக்கிறது, நம்மை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டு, யாருடைய ஜாக்கெட்டிலோ கையை மாற்றி வைத்துத் தைத்தேன்.

அந்தப் பக்கம் என்றால் என் கணவரின் அண்ணன் வீடு. உண்மையில் அது ஒரே வீடுதான். திருவட்டாற்றிலிருந்து குலசேகரம் போகும் வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, மாமனார் கட்டிய ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே வீடு முழுக்கப் பலகை அடித்து மச்சு போட்டிருக்கிறார். மச்சில் புளிப்பானையும் பித்தளை உருளியும் போட்டு வைப்பது வழக்கம். மாமனார் போன பிறகு பாகம் பிரித்தபோது கோடு நேராக நடுக்கூடத்தின் மத்தியில் விழுந்தது.

அங்கே இடுப்பளவு சுவர் போதும், காற்றாவது வரட்டும் என்றார் என் கணவர். இடுப்பளவு சுவர் ஆட்டுக்குத்தான் ஆகும், முழுச் சுவர்தான் வேண்டும் என்றார் அண்ணன். என் கணவர் திருவட்டாற்றில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து அண்ணன் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை எழுப்பிவிட்டார். திரும்பி வந்த என் கணவர் அதை அண்ணாந்து பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, “மச்சு வரைக்கும் கெட்டத் தெரிஞ்சவருக்கு வானம் வரைக்கும் கெட்டத் தெரியலியோ?” என்றார். அந்தப் பக்கம் அது நன்றாகவே கேட்டது. அதோடு பேச்சு நின்றது. நாலு வருஷம்.

மச்சுக்கு மேலே சுவர் வைக்க வேண்டுமென்றால் ஓட்டைப் பிரிக்க வேண்டும் என்று கொத்தனார் சொன்னதால் அதோடு விட்டுவிட்டார்கள். ஆகவே எங்கள் தலைக்கு மேலே வீடு இன்னும் பழையபடி ஒன்றாகத்தான் கிடந்தது. மச்சில் ஏறும் வாசல் மட்டும் அண்ணன் பங்கில் போய்விட்டது. எங்கள் மச்சுக்கு நாங்கள் போக வேண்டுமானால் கூரைமேல் ஏறி ஓட்டை நீக்கித்தான் போக வேண்டும்.

ஆம்பிளைகள் பேசாவிட்டால் பெண்கள் பேசக்கூடாது என்பது எழுதாத சட்டம். நானும் அண்ணன் மனைவியும், அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அந்தச் சட்டத்தை மீறவே இல்லை. மீன்காரரோடுதான் பேசினோம். குளச்சல் பக்கத்திலிருந்து வண்டியில் ஐஸ் பெட்டி வைத்துக்கொண்டு காலையில் ஒருவர் வருவார். அவர் ஹாரன் அடித்ததும் அக்கா அவர் வாசலில் நிற்பார், நான் என் வாசலில் நிற்பேன். நடுவில் மீன்காரர்.

“அண்ணாச்சி, சில வீட்டுல பிரியாணி மணக்கு. அவியளுக்கு சாளை எதுக்கு? நெய்மீனா குடும்” என்றேன் நான், அடுத்த நாள் காலையில்.

“அண்ணாச்சி, இங்க யாரும் பிரியாணி வைக்கல” என்றார் அக்கா, அவரும் மீன்காரரைப் பார்த்துக்கொண்டே. “நாங்க அந்தப் பக்கம்னுல்லா நெனச்சோம். இவிய மச்சத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தாவ. மரப்பட்டி. அது மோண்டு வச்சதுதான் இந்த மணம்.”

மரப்பட்டி என்றால் மரநாய். நான் ஒரு பொழுது முழுக்க வாய் ஊறியும் கண் கலங்கியும் மோந்துகொண்டிருந்தது எதை என்று அப்போதுதான் தெரிந்தது. மீன்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். சிரிப்பைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்பதால் நானும் சிரித்தேன். அடுத்தாற்போல் அக்கா குரலைத் தாழ்த்தி, “அண்ணாச்சி, பிள்ளைக்குக் கல்யாணம் உறைச்சாச்சு. மார்த்தாண்டத்து மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழம அவிய வீட்டாளுக வீடு பாக்க வாறாவ” என்றார். மீன்காரர் பாவம், “ரொம்ப சந்தோசம்” என்றார். நான் சாளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அக்காவின் மகளான அந்தப் பிள்ளை என் மெஷினுக்கு அடியில் வளர்ந்த பிள்ளை. எனக்கு ஒரே மகன், அவன் பெங்களூரில். பெண்பிள்ளை என்று நான் கொஞ்சியதெல்லாம் அவளைத்தான். அவள் போட்ட முதல் கவுன் முதல் கல்லூரிச் சுடிதார் வரை என் கை படாத துணி கிடையாது. கல்யாண ஜாக்கெட்டை மார்த்தாண்டத்தில் ஏதோ கண்ணாடி போட்ட தையல் கடையில் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் சொந்தத் தம்பி வீட்டுக்குத்தான் முதல் அழைப்பு. அண்ணனும் அக்காவும் வெற்றிலைத் தட்டோடு படியேறி வந்து கூப்பிட வேண்டும். அந்த அழைப்பு இல்லாமல் பந்தலுக்குப் போனால் மரியாதை கெட்டவர்கள் ஆவோம், போகாவிட்டால் பிள்ளை கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்க்க முடியாது. வாய் விட்டவன் முதலில் வரட்டும் என்று அண்ணன். சுவர் கட்டினவர் முதலில் வரட்டும் என்று என் வீட்டுக்காரர். சொந்தப் பிள்ளையின் கல்யாணத்தை நான் ஜன்னல் கம்பி வழியாகப் பார்க்க வேண்டியதுதான். இவரிடம் சொன்னால், “மொதல்ல நான் அந்த மரப்பட்டிய அவரு பக்கம் வெரட்டட்டு, பொறவு பாக்கலாம்” என்றார்.

விரட்ட ஆரம்பித்தார். கடையிலிருந்து பாச்சை உருண்டையைக் கொண்டுவந்து, கூரையேறி ஓட்டை நீக்கி எங்கள் பங்குக்கு மேலே மட்டும் தூவினார். அளந்து தூவினார் என்றே சொல்லலாம். ஒரு உருண்டை அந்தப் பக்கம் உருண்டு போனதைக் கம்பை விட்டு இழுத்து எடுத்தார். மரநாய் அன்றைக்கு அண்ணன் பக்கம் போய்ப் படுத்தது. இவருக்குக் கப்பல் வந்து சேர்ந்த சந்தோஷம்.

மறுநாள் அண்ணன் தேங்காய்த் தொண்டில் வற்றல் மிளகாயைப் போட்டுச் சட்டியில் கனல் வைத்து மச்சுக்குள் புகை போட்டார். மரநாய் இந்தப் பக்கம் வந்தது. பின்னாலேயே புகையும் வந்தது. இவர் தும்மித் தும்மி முற்றத்துக்கு ஓடி, “ஆளக் கொல்லப் பாக்காரு” என்றார். அந்தப் பக்கம் முற்றத்தில் அண்ணனும் தும்மிக்கொண்டு நின்றார். ஒரே அப்பன் பிள்ளைகள் என்று தும்மலிலேயே தெரியும், கடைசியில் இருவரும் ஒரே மாதிரி இழுப்பார்கள். நான் தும்மலுக்கு நடுவிலும் அதை ரசித்தேன்.

இவர் அடுத்து மச்சுக்குக் கீழே ரேடியோவை அலறவிட்டார். அண்ணன் டிவியை அதற்கு மேல் அலறவிட்டார். மரநாய் இரண்டுக்கும் பழகிக்கொண்டது. பகலில் எங்கள் தலைக்கு மேலே தூங்கும், ராத்திரியில் அண்ணன் தலைக்கு மேலே ஓடும். நாலு வருஷமாக அந்த வீட்டை முழு வீடாக அனுபவித்த ஒரே ஜீவன் அதுதான். எனக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

இவர் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. எடுத்தவர் விவரம் கேட்டுவிட்டு, “சார், காலைல நீங்கதானே பேசுனீங்க? பலாமரம் நிக்கிற ஓட்டு வீடு?” என்றார். இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. “அது வேற வீடு” என்றார் விறைப்பாக. அதைப் பிடிக்கக்கூடாது, அடிக்கக்கூடாது, பொழுது சாய்ந்து அது இரை தேடப் போன பிறகு வழியை அடைத்துவிடுங்கள், எத்தனை வழி இருந்தாலும் ஒரே நேரத்தில் அடையுங்கள் என்று அவர் சொன்னார்.

வழி இரண்டு இருந்தது. எங்கள் பக்கம் பலாமரக் கிளை உரசி ஓடு விலகிய இடத்தில் ஒன்று. அண்ணன் பக்கம் தென்னங்குலை விழுந்து ஓடு உடைந்த இடத்தில் ஒன்று.

“அப்ப அவியகிட்டயும் சொல்லணும்லா?” என்றேன்.

“எனக்க ஓட்டைய நான் அடைப்பேன். அவருக்க ஓட்ட அவரு பாடு. இங்க அடைச்சா அது அங்க வழியாத்தானே வரும்? பொறவு அது அவருக்க மரப்பட்டி.”

பாகப் பிரிவினையில் விட்டுப்போன ஒரு சொத்தை அண்ணன் பெயருக்கு எழுதி வைக்கிற தோரணையில் சொன்னார். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அது கிளை வழியாக இறங்கிப் போனதைப் பார்த்துவிட்டு, ஏணி வைத்து ஏறி, கம்பி வலையை இரட்டையாக மடக்கி ஆணி அடித்தார். அவருக்கு வலைக்கும் ஆணிக்கும் பஞ்சமில்லை.

மறுநாள் காலையில் மீன்காரரிடம் சொல்லி அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். வாசலில் போய் நின்ற பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்று உறைத்தது. கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள், மாதா கோயிலுக்குத்தான் போவார்கள். மீனும் இல்லை, மீன்காரரும் இல்லை. அக்காவின் வாசலில் ஆளும் இல்லை. உள்ளே முறுக்குப் பொரிக்கிற எண்ணெய் சத்தம் மட்டும் கேட்டது. அதே நேரத்தில் அண்ணன் கூரைமேல் ஒரு கொத்தனார் உட்கார்ந்து, உடைந்த ஓட்டை மாற்றிச் சிமெண்ட் வைத்துப் பூசிக்கொண்டிருந்தார். விருந்தாள் வருகிற நாளில் வீடு லட்சணமாக இருக்கட்டும் என்று அண்ணன் செய்த ஏற்பாடு. இவரைப் போலவே அவருக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும். தன் வழியை அடைத்துவிட்டால் அது தம்பியின் மரப்பட்டி ஆகிவிடும் என்று.

விடிவதற்கு முன்னாலேயே அது அண்ணன் வழியாக உள்ளே வந்து படுத்துவிட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

சாயங்காலம் நாலு மணிவாக்கில் இரண்டு கார் வந்தது. நான் மெஷினைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, தைக்காமல் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி இழுக்கிற சத்தம், சம்பந்தி என்கிற சத்தம், என் பிள்ளையின் கொலுசுச் சத்தம் எல்லாம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா, “என்னத்துக்கு இவ்வளவு சிரமம்? பிரியாணி எல்லாம் எதுக்கு? நாங்க காப்பி குடிச்சிட்டு எறங்குவோம்” என்று சொன்னார். அக்கா அவசரமாக அடுக்களைப் பக்கம் ஓடுவது கேட்டது. எனக்குச் சிரிப்பும் பதற்றமும் ஒன்றாக வந்தது.

பிறகுதான் மேலே ஓட்டம் தொடங்கியது. புது ஆட்களின் சத்தம் அதை எழுப்பிவிட்டது போலும். அண்ணன் பக்கத்து வழிக்கு ஓடி மோதியது. திரும்பி எங்கள் பக்கத்து வழிக்கு ஓடி வலையைப் பிறாண்டியது. மறுபடி அங்கே, மறுபடி இங்கே. பலகை இடுக்கு வழியாகத் தூசி கொட்டியது. எங்கள் பக்கம் கொட்டினால் என் துணியில், அந்தப் பக்கம் கொட்டினால் முறுக்குத் தட்டில். சட்டியோ உருளியோ ஒன்று உருண்டது. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

“கெடந்து ஆடட்டு” என்று இவர் கட்டிலில் படுத்தபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எனக்கு வந்த கோபத்தில் கத்திரிக்கோலை மேஜையில் அறைந்தேன். “அங்க ஒக்காந்திருக்கது யாருக்க பிள்ளை? நாளைக்கு அவிய வீட்டுல அந்தப் பிள்ளைய மரப்பட்டி வீட்டுக்காரின்னு சொன்னா ஒங்களுக்கு இனிக்குமோ?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். அந்த நேரத்தில் மச்சுக்குள்ளிருந்து, எங்கள் தலைக்கு நேர் மேலே, அண்ணனின் குரல் வந்தது. விருந்தாள்களை உட்கார வைத்துவிட்டு, வெள்ளை வேட்டியோடு மச்சில் ஏறித் தவழ்ந்து வந்திருக்கிறார். அந்தக் குரலில் கோபம் இல்லை, பதற்றம்தான் இருந்தது.

“லேய்! ஒனக்க பக்கத்தத் தொற லே! எனக்கத சிமெண்டு வச்சாச்சு!”

இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். “யாரக் கூப்பிடுதாரு?”

“மரப்பட்டியத்தான் லேன்னு கூப்பிடுதாவ. போங்க அங்க!”

நாலு வருஷம் விறைத்துக் கிடந்த மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினதை நான் பார்த்தேன். ஏணியை வைத்து, ஆணி பிடுங்குகிற கொறடோடு கூரையேறினார். இரட்டை வலையும் நெருக்கி அடித்த ஆணியும். தன் வேலையைத் தானே திட்டிக்கொண்டு பிடுங்கினார். “இந்தா எடுத்தாச்சு! அங்கேருந்து வெரட்டும்!” என்று ஓட்டுக்குள் குனிந்து சொன்னார். “வெரட்டுதேன், நீ மொகத்தத் திருப்பிக்க லே, பிறாண்டிப் போடும்!” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. இதற்குள் விருந்தாள்கள் எல்லாரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். சாம்பல் நிறத்தில் நீள வாலோடு அது வெளியே வந்து, பகல் வெளிச்சத்தில் கண் கூசி ஒரு நிமிஷம் அத்தனை பேரையும் முறைத்துவிட்டு, பலாக்கிளையில் தாவி மறைந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கை தட்டியது. இவர் கையோடு வலையைத் திரும்ப இழுத்து அடித்தார்.

அண்ணன் ஒட்டடையோடு வெளியே வந்து நின்றார். மாப்பிள்ளையின் அப்பா கூரையைப் பார்த்தார். அழுக்கு வேட்டியும் பனியனும், தலை நிறையச் சருகுமாக இவர் மேலே உட்கார்ந்திருந்தார்.

“சம்மந்தி, இது யாரு?”

அண்ணனும் அண்ணாந்து பார்த்தார். பிறகு, “எனக்க தம்பி” என்றார்.

“தம்பியா? ஒரே தம்பி, அவரு மஸ்கட்டுல, லீவு கெடைக்காது, கல்யாணத்துக்கு வர முடியாதுன்னுல்லா சொன்னிய?”

தம்பியோடு பேச்சில்லை என்று சொல்ல வாய் வராமல், இந்த மனுஷன் எங்களைக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார். அண்ணன் முகம் செத்துப்போய் நின்றார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். என் பிள்ளை கதவுக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்தாள். பொய் சொல்லிப் பெண் கொடுக்கிறவர்கள் என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும். அதை விழ வைக்க இவர் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். இவர் வாயைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதால் நான் சாமியைக் கும்பிட்டேன்.

இவர் கொறடை இடுப்பில் சொருகினார். தலையிலிருந்த சருகைத் தட்டினார்.

“ஆமா அண்ணாச்சி, மஸ்கட்டுதான். நேத்துதான் வந்து எறங்குனேன். எங்க பிள்ளைக்க கல்யாணத்துக்கு நான் வராம இருப்பனா?”

“வந்ததும் வராததுமா கூரைல ஏறியாச்சே!”

“அண்ணன் சொன்னா ஏறத்தானே செய்யணும்” என்றார் இவர்.

மாப்பிள்ளையின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் திரும்பிக்கொண்டு, ஒட்டடையைத் துடைக்கிற சாக்கில் துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தார்.

கார்கள் போனதும் அண்ணனும் அக்காவும் வெற்றிலைத் தட்டோடு எங்கள் படியேறினார்கள். ஆம்பிளைகள் இருவரும் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மஸ்கட்டைப் பற்றித்தான் பேசினார்கள். இனி கல்யாணம் வரை மாப்பிள்ளை வீட்டார் விசாரிப்பார்களே, என்ன சொல்வது? நாலு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி உட்கார்ந்து பேசிய முதல் நீண்ட பேச்சு, இரண்டு பேருமே பார்க்காத ஒரு ஊரைப் பற்றி. அங்கே என்ன வேலை, எத்தனை பேர் ஒரு அறையில், வெயில் எப்படி என்று அண்ணன் கேட்பார், இவர் பதில் சொல்வார், தப்பென்றால் அண்ணன் திருத்துவார். அக்காவும் நானும் அடுக்களையில் மீன்காரர் இல்லாமலே பேசினோம். பேச எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முதலில் மீன் விலையைப் பற்றியே பேசினோம்.

அடுத்த நாள் பிள்ளை கண்ணாடிக் கடை ஜாக்கெட்டோடு வந்தாள். “கை பிடிக்கு சித்தி” என்றாள். எனக்கு ஒன்றும் பிடிப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் பிரித்து முழுக்கத் திரும்பத் தைத்தேன்.

கல்யாணத்தில் இவர் நாகர்கோவிலில் வாங்கிய பேரீச்சம்பழத்தை மஸ்கட் பழம் என்று சொல்லி எல்லாருக்கும் கொடுத்தார். வாசனைத் தைலம் வேறு பூசியிருந்ததால் நான் தள்ளியே நின்றேன். தாலி ஏறியபோது மணவறைக்குப் பின்னால், நான் நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன், அழுதேன். பெண்ணைக் காரில் ஏற்றும்போது மாப்பிள்ளையின் அப்பா இவரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“செரி, திரும்ப எப்பப் போகணும்?”

இதற்கு அண்ணனும் தம்பியும் பதில் தயார் செய்திருந்தார்கள். அடுத்த மாசம், முதல் வாரம், திருவனந்தபுரத்திலிருந்து விமானம். இவர் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் குறுக்கே வந்தார்.

“இனி அவன விடுததா இல்ல சம்மந்தி. போனது போதும்.”

சம்பந்தி தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். அண்ணனுக்குப் பின்னாலேயே பந்தல் விளக்கை அவிழ்க்கப் போனார்.